மரத்துப் போன கை



சினம் தணிந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் சாற்றுகிறது. சூரனோடு பொருது வென்ற முருகன், குருதி காயாத வேலோடு வந்து, கொதிப்பு அடங்கிக் குளிர்ந்து நின்ற குன்று அது என்பர். புராணத்தை நாம் நம்புவதில்லை. நம்பாதவர் நாம் என்பதை நாடும் அறியும். எனினும், கடவுளின் கோபமே கரைந்துபோனதாகக் கதை கட்டப்பட்ட அந்தத் திருத்தணியில், 2025ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதியில் நடந்ததை நினைக்கும்போது, நம்பாத நமக்கே அந்தப் பெயர் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

நடந்தது என்ன? சிறுவர் நால்வர், வயது 17. மின்சார ரயிலில் பட்டாக்கத்தியைச் சுழற்றிக் காணொளி எடுக்கின்றனர். அதே வண்டியில் பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர். அவரிடம் வம்பு வளர்கிறது. திருத்தணி நிலையத்தருகே அவரை இழுத்துச் சென்று வெட்டுகின்றனர். அவர் சாயும்வரை வெட்டுகின்றனர். வெட்டுவதையும் படமெடுத்து, ஊர் பார்க்கட்டும், உலகம் பார்க்கட்டும் என்று பரப்புகின்றனர். காவல்துறை நால்வரையும் பிடித்தது. வெட்டுண்டவர் உயிர் தப்பினார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படியென 365 படிகள் கொண்ட மலை அது. டிசம்பர் 31 இரவில் படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. மேலே படிக்குப் படி பக்தி, கீழே நிலையத்தருகே இன்னும் உலராத குருதி!

வடவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரை வெட்டினர் என்று நான் வாதிடப் போவதில்லை. கத்தி பிடித்த கை தமிழரையும் வெட்டியிருக்கக்கூடும். ஆனால் கேட்க ஆளில்லாதவன், நம் மொழி அறியாதவன், உறவென்று ஓடிவர ஒருவரும் இல்லாதவன் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடுகிறதல்லவா? கோழை எப்போதும் தன் இரையைக் கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறான்.

நாடகம் எழுதுவோர்க்குக் கொடியவனைப் படைப்பது மிக எளிது. புருவத்தை நெரித்து, மீசையை முறுக்கி, பின்னணியில் முழவொலி கூட்டி நிறுத்திவிட்டால் போதும். கடைசி வரிசைச் சிறுவனும் 'இவன்தான்' என்பான். வாழ்க்கை என்னும் மேடையில் அந்த வசதி இல்லை. அந்த நால்வருக்கும் கொம்பு முளைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வயது. அவர்களைப் பெற்றவர்கள் நம் தெருவில் நடப்பவர்கள். அவர்களில் எவரேனும் நம் மாநாட்டுக்கு வண்டி கட்டி வந்தவராகவும் இருக்கலாம்.

அப்படியானால் கொடுமை எங்கிருந்து முளைத்தது?

கிறித்தவ மார்க்கம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆதாம் செய்த குற்றத்தால் மனிதகுலம் முழுதும் கறைபட்டது. பிறக்கும் குழந்தையே அந்தக் கறையோடு பிறக்கிறது. நன்மை என்பது மனிதன் தன் கையால் சமைத்துக்கொள்ளும் சோறன்று, மேலிருந்து அருளாக வந்து விழவேண்டிய மழை என்பது, அகஸ்டின் காலந்தொட்டு மேலைத் திருச்சபை உரைத்துவரும் உரை. ஏசுவையே ஒருவன் 'நல்லவரே' என்று விளித்தபோது, கடவுளையன்றி நல்லவர் ஒருவருமில்லை என்று அவர் மறுத்ததாக மாற்கு எழுதியிருக்கிறார்.

ரசல் 1927இல் ஆற்றிய சொற்பொழிவைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கர்சாலைத் தமிழில் பேசவைத்தவர்கள் நாம். தொட்டிலில் கிடக்கும் மழலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கொள்கையை ஏற்கமாட்டோம். பிறப்பிலேயே களங்கம் என்ற பேச்சைக் கேட்டாலே நமக்கு உடல் பற்றி எரிகிறது. எரியக் காரணமும் உண்டு. அந்தச் சொல்லைக் காட்டித்தானே நம்மை ஆயிரமாண்டுகள் வாயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள்!

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். மனு சொன்ன பிறவிக் களங்கம் சிலருக்கு மட்டும், சொன்னவனுக்கு இல்லை. ஆதாமின் களங்கமோ போப்பாண்டவருக்கும் உண்டு, பேரரசனுக்கும் உண்டு. முன்னது ஏணி, பின்னது சமதரை. கறைபட்ட சமதரைதான் என்றாலும், சமதரை. 'அந்தக் கொடுமை எனக்குள்ளும் இருக்கிறது' என்று ஒவ்வொருவனையும் சொல்லவைக்கும் ஒரு கட்டாயம் அதில் உண்டு. நம்மிடம் அப்படியொரு கட்டாயம் உண்டா? கொடுமையென்றால் எப்போதும் எதிரியின் முகவரியைத்தான் எழுதிப் பழகியிருக்கிறோம்.

இந்த வழக்கு திருத்தணிக்குப் புதிதன்று. 1888இல் அவ்வூரில் பிறந்த இராதாகிருஷ்ணன், பாதிரிமார் பள்ளிகளிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். உலகம் மாயை என்றால் அதில் நன்மையேது, தீமையேது, உங்கள் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமேது என்று கிறித்தவ ஆசிரியர்கள் கேட்ட கேள்வி அந்த இளைஞனைக் குத்தியது. 1908இல் வேதாந்தத்தின் அறநெறி குறித்து ஓர் ஆய்வுரை எழுதி மறுமொழி தந்தார். கேள்வி கேட்ட மரபைச் சேர்ந்த பேராசிரியர் ஹாக் என்பாரே அதைப் பாராட்டினார். அறிஞர் இருவர் மோதிக்கொண்டது அழகுதான். மறுக்கவில்லை. ஆனால் பிரம்மம் மெய்யா, பிரபஞ்சம் மெய்யா என்று அங்கே ஏடு புரண்டுகொண்டிருந்த காலத்தில், ஊருக்கு வெளியே விரட்டப்பட்ட தொழுநோயாளியின் புண் மட்டும் ஐயத்துக்கிடமின்றி மெய்யாகவே இருந்தது.

அந்தப் புண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவரிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். தொலைவில்லை, திருத்தணியிலிருந்து அரக்கோணம் சென்று வண்டி மாறினால் காட்பாடி, அடுத்து வேலூர்.

வேலூர் மருத்துவமனையின் கதை நீங்கள் அறிந்ததே. திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகாலத்தில் துடித்த பெண்கள் மூவருக்காக மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினர், மருத்துவர் ஆண் என்றதும், ஆண் தொடுவதினும் அவள் சாவது மேல் என்று திரும்பிப் போயினர், மூவரும் மாண்டனர். மதம் வேறு, சாதி வேறு, மூன்று வீட்டிலும் முடிவு ஒன்று. அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று மீண்டு, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியே எழுப்பினார். பிரசங்கம் செய்து அந்தக் கதவுகளைத் திறக்க அவர் முயன்றிருக்கலாம். பெண்ணை மருத்துவராக்கி அனுப்பினார். கதவு தானே திறந்தது.

அங்கே 1946இல் வந்து சேர்ந்தவர் பால் பிராண்ட். வெள்ளையர்தாம், ஆனால் பிறந்தது 1914இல், நம் கொல்லிமலையில். தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்றே உலகம் நம்பியது, மருத்துவர்களும் நம்பினர். பிராண்ட் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார், நாள் கணக்கில் உற்றுப் பார்த்தார். விரலைத் தின்றது நோய் நேரடியாக அன்று என்று கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. கை மரத்துப் போகிறது. வலி என்னும் காவற்காரன் இறந்துபோகிறான். பிறகு? அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பான், சுடுவது தெரியாது. முள் குத்தும், தெரியாது. இரவில் எலி வந்து விரலைக் கடித்துத் தின்னும், விழிக்கமாட்டான்! நம்பக் கடினமாக இருக்கிறதல்லவா? அதனால்தான் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை எடுத்து மாற்றிக் கட்டும் அறுவையால் பிராண்ட் நிமிர்த்தினார். நிமிர்த்தலாம், ஆனால் இழந்த உணர்ச்சியை மீட்டுத்தர அவராலும் இயலவில்லை. பார்த்துப் பார்த்து நட, தொடுமுன் சோதி, மாலையில் உன் கையையும் காலையும் நீயே விளக்கேற்றிப் பரிசோதி என்று கற்பிக்கத்தான் முடிந்தது.

கொடுமைக்கு விளக்கம் தேடி நான் ஏதேன் தோட்டத்துக்குப் போகாததற்குக் காரணம் இதுதான், தோழரே. பிறவிக் கறை அன்று, மரத்துப் போதல். பிறன் வலி தன் வலியாய்த் தைக்கும் நரம்பு குழந்தைக்கு உண்டு. மற்றொரு குழந்தை அழுதால் தானும் அழுகிறதே. அந்த நரம்பை நாம் கெடுக்கிறோம். 'அவன் நம்மவன் அல்லன்' என்று ஒருமுறை சொல்லுங்கள், கெடாது. வீட்டில் சொல்லி, தெருவில் சொல்லி, நகைச்சுவையென்று சொல்லி, பாட்டாய்ப் பாடி, நாள்தோறும் சொல்லுங்கள். 17 ஆண்டுகள் போதும்.

இதைத் தனி நால்வரின் நோயென்று தள்ளிவிட முடியுமா? 2011இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கற்சூளை ஒன்றிலிருந்து ஒடிசா மாநிலத்தவர் 500க்கும் மேற்பட்டோர் கொத்தடிமைகளாய் மீட்கப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அந்தச் சூளை காட்டுக்குள் இல்லை. அதன் புகை ஊர்மேல்தான் பரவியது. அதன் கல் நம் வீட்டுச் சுவரில்தான் ஏறியது. பட்டாக்கத்தி இல்லை, காணொளி இல்லை, பரபரப்பில்லை. முன்பணம் என்ற ஒரு கணக்கு, வாயிலில் ஒரு காவல், அவ்வளவுதான். 500 பேரின் வலி ஒரு மாவட்டத்துக்குத் தைக்கவில்லை. அரசு அலுவலரோடு சேர்ந்து அவர்களை மீட்கப் பாடுபட்டது ஒரு கிறித்தவ அமைப்பு. நம் கொடி பறக்கும் ஊர்கள் அப்பகுதியில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை விவிலியத்தில் உண்டு, லூக்கா எழுதியது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழி. கள்வர் அடித்துப் போட்டுவிட்டனர். ஆலய குரு ஒருவர் வந்தார், விலகிப் போனார். லேவியர் ஒருவர் வந்தார். அவரும் விலகிப் போனார். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர் அவனைத் தீண்டத்தகாதவனாக எண்ணினர். வேறு மலையில் தொழுபவன், கலப்புற்றவன், கேவலமானவன் என்றனர். அவன் புண்ணைக் கழுவிக் கட்டினான். தன் கழுதையில் ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்து இரண்டு காசு கொடுத்து, மேற்செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். கவனித்தீர்களா? கதையில் அற்புதமில்லை, அசரீரியில்லை. மதகுருவுக்கு அதில் கிடைத்த வேடம் என்னவென்பதையும் பாருங்கள். பகுத்தறிவாளன் ஒருவன் எழுதியிருந்தால் பாதிரிமார் தடை கேட்டிருப்பார்கள்!

இதைச் சொல்லும் போதகர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் வழுக்கிவிடுகின்றனர். 'இழிந்தவனுக்கு இரங்கு' என்பதாகக் கதையை முடிக்கிறார்கள். கதை அப்படி இல்லை. இழிந்தவன் என்று நீ நினைப்பவன் விழுந்து கிடக்கவில்லை. விழுந்து கிடப்பவன் உன் ஆள். தூக்கிவிடுகிறவன்தான் நீ இழித்தவன். இரக்கம் காட்டிப் பெருமைப்படும் இன்பத்தைக்கூட அந்தத் தச்சன் மகன் கேட்டவனுக்குக் கொடுக்கவில்லை. திருத்தணியில் இதை நாடகமாக்கினால், நிலையத்தருகே வெட்டுண்டு கிடப்பவன் தமிழன். முதலில் ஓர் அர்ச்சகர், அடுத்து நம் கட்சிக் கரைவேட்டி, இருவரும் காணாதவர்போல் கடந்துவிட, தோளில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறவன் ஒடிசாக் கூலியாள். மேடையேற்றிப் பாருங்கள், எத்தனை பேர் நாற்காலியில் நெளிகிறார்கள் என்று!

நெளிய வேண்டியவர் நாம் மட்டுமல்லர். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர். சாதிக் கிறித்தவர் பிணம் ஒருபுறம், தாழ்த்தப்பட்ட கிறித்தவர் பிணம் மறுபுறம். உயிர்த்தெழும் நாளன்று எக்காளம் முழங்கினால், எழுந்தவர்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் தடவிப் பார்ப்பார்கள் போலும். சமதரை என்றேனே, அந்தச் சமதரையிலும் நம் நாட்டவன் செங்கல் அடுக்கிவிட்டான். நூலும் குற்றமற்றதன்று. நியாயாதிபதிகள் ஆகமத்தைப் புரட்டுங்கள்: யோர்தான் துறையில் வழி மறித்து, 'ஷிபோலெத்' என்று சொல் பார்ப்போம் என்பர்; 'சிபோலெத்' என்று வாய் தவறியவன் தலை உருண்டது. 42,000 பேர் என்கிறது அந்த நூல்.

அந்தச் சோதனையைத் தமிழன் அறிவான். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில், வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். நா புரளாதவன் தமிழன் என்று தெரிந்தது, தீ வைத்தார்கள். அதே கொழும்பில் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் தமிழ்க் குடும்பத்தை ஒளித்துவைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பியனுப்பிய சிங்களவர்களும் இருந்தார்கள். சமாரியர் வேறு எங்கே இருப்பார்? 1966இல் சிவசேனை பிறந்த பின்னர் பம்பாயில் 'மதராசி' என்றால் என்ன பொருள் என்பதை, அங்கே இட்டிலிக் கடை வைத்திருந்த நம்மவரைக் கேளுங்கள். வழியில் கிடந்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. அந்த வலி நினைவிலிருந்தும் நரம்பு எப்படி மரத்தது?

மேடைப் பேச்சாளர்களே இதற்கு முதலில் மறுமொழி சொல்லவேண்டும். 1938இலும் 1965இலும் நாம் எதிர்த்தது ஆதிக்கத்தை. ஆட்சிபீடத்திலிருந்து வந்த ஆணையை. பள்ளிக்கூடப் படியேறாத பாட்டாளி எவனும் நம்மீது எதையும் திணிக்கவில்லை. ஆனால் இன்று, தில்லியைத் திட்டத் தொடங்கும் பேச்சு, பத்தாவது நிமிடத்தில் பானிபூரிக்காரனைக் கேலி செய்வதில் வந்து நிற்கிறது. கைதட்டல் கிடைக்கிறது, எனக்குத் தெரியும், எளிதில் கிடைக்கிறது. 'வடக்கன்' என்ற சொல் திசையைக் குறிப்பதை விட்டுவிட்டு வசையாகிவிட்டது. கூட்டத்தின் முன்வரிசையில் தரையில் அமர்ந்து அதைக் கேட்கும் பிள்ளைக்கு வயதென்ன?

அதுவும் எந்த ஊரில்? வடவேங்கடம் தமிழ்நாட்டின் எல்லை என்று ம.பொ.சி. முழங்க, மங்கலங்கிழார் ஊர் ஊராய்த் தமிழ் கற்பித்து மக்களைத் திரட்ட, அடிபட்டும் சிறைப்பட்டும் போராடி, படாஸ்கர் தீர்ப்பின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து மீட்ட ஊர். திருப்பதியைப் பெறவில்லை, திருத்தணியைப் பெற்றோம். எல்லைக்கல்லை நட்டோம். எல்லையில் வாழ்கிறவன் வீட்டில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில்தான் கொதிக்கின்றன. மண்ணுக்கு எல்லை வேண்டும். அதற்காகச் சிறை சென்றவர்களை வணங்குகிறேன். வலிக்கும் எல்லை கட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

நால்வரை என்ன செய்வது? தூக்கில் போடு, சுட்டுத்தள்ளு என்ற கூச்சலும் அதே மரத்துப்போன கையிலிருந்து எழுந்ததுதான். மன்னித்து அனுப்பு என்பாரும் உண்டு. கிறித்தவத்தின் பெயரால் சொல்வாருமுண்டு. அவர்களுக்கு கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை நினைவூட்டுகிறேன். ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்த அவருடைய கணவர் கிரகாமையும், 10 வயதும் 6 வயதுமான இரு மகன்களையும், 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்னும் ஊரில் வண்டியோடு வைத்து எரித்தனர். மன்னித்துவிட்டேன் என்றார் அம்மையார். மன்னித்தவர் வழக்கை நிறுத்தச் சொல்லவில்லை. தண்டனை அரசின் பொறுப்பு என்று விட்டுவிட்டார். தாராசிங்குக்கு வாழ்நாள் சிறை என்பதை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மையாரோ ஒடிசாவை வெறுத்து ஓடாமல், அந்த நோயாளிகளிடையே 2004 வரை இருந்தார். பகை தீர்க்கப் பயன்படாத நீதி, நீதியைத் தடுக்காத மன்னிப்பு. இதற்கு அவர் தம் கடவுளின் அருளே காரணம் என்பார். நான் கடவுளை விட்டுவிட்டு அம்மையாரை எடுத்துக்கொள்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுவர்க்குச் சட்டம் சொல்வது நடக்கட்டும். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து மீளும் நாளில் அவர்களை எதிர்கொள்ளத் தெருவில் என்ன பேச்சு இருக்கிறது என்பதுதான் நம் கையில் உள்ளது.

மாவட்டத்துக் கிளைக் கழகத்தார்க்கு ஒரு வேலை சொல்கிறேன். சுவரொட்டி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். உங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கும் செங்கற்சூளைக்கும், விசைத்தறிக் கூடத்துக்கும், கட்டடப் பணியிடத்துக்கும் இருவர் மூவராய்ச் செல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, குழந்தைகள் எந்தப் பள்ளியில், காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். இந்தி தெரியாதே என்று தயங்கவேண்டாம். ஒடிசாவிலிருந்து வந்தவர்க்கும் அது தாய்மொழியன்று. அவர்கள் பேசுவது ஒடியா. சூளைக்காரரின் கணக்குப் புத்தகம் மட்டும் தமிழில்தான் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.